சீட் நம்பர் இல்லாத டிக்கட்டில் ஐந்து பேர்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவரும் கணவரும், மூன்று வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள், எழுபது வயது மாமி என்று ஐந்து பேர் கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குப் போய், அங்கிருந்து சிதம்பரம், திருச்செந்தூர் என்று கோயில் பார்க்கப் போகிறார்கள். எடுத்தது மலிவு டிக்கட். சீட் இலக்கம் எதுவும் அதில் இல்லை. ஏஜென்சிக்காரர், "சீட் வேணுமெண்டா ஆளுக்கு இவ்வளவு கட்டுங்க, இல்லாட்டி கொம்பியூட்டர் எங்க குடுக்குதோ அங்கதான்" என்றாராம். மாமிக்கு இதுதான் முதல் விமானப் பயணம். காசு கட்டாமல் எல்லாரும் ஒன்றாக இருக்க வழி உண்டா என்பது கேள்வி.

ஐந்து பேரும் ஒரே வரிசையில் இருப்பீர்கள் என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஆனால் சின்னவனோ மாமியோ தனியே மாட்டிக்கொள்ளாமல் பார்க்கலாம், அதுவும் அநேகமாகச் செலவில்லாமலே. மட்டக்களப்பு டவுனில் டிக்கட் போடும் மேசையில் பதினாறு வருடம் இருந்தவன் நான். குடும்பங்கள் பிரிவது பெரும்பாலும் அந்த மேசையிலேயே நடந்துவிடுகிறது. விமானத்துக்குள் ஏறியதும்தான் அது ஆட்களுக்குத் தெரிய வருகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கொழும்புக் கோட்டையில் மட்டக்களப்பு ரயில் வந்து நிற்பதற்கு முன்பே ஜன்னலால் துவாயை எறிந்து இடம் பிடிக்கிற வித்தை நம் எல்லாருக்கும் தெரியும். விமானத்திலும் அப்படி ஏறுகிற ஒரு நிறுவனம் இருந்தது, அமெரிக்காவின் சவுத்வெஸ்ட். 1971 இல் பறக்கத் தொடங்கியது; ஐம்பது வருடத்துக்கு மேல் சீட்டுக்கு இலக்கமே கொடுக்காமல் ஓட்டினார்கள். ஏ, பி, சி என்று மூன்று கூட்டம், ஒவ்வொன்றிலும் ஒன்றிலிருந்து அறுபது வரை வரிசை இலக்கம். அந்த ஒழுங்கில் ஏறி, கண்ட இடத்தில் இருக்கலாம். ஆறு வயதும் அதற்குக் கீழும் பிள்ளை உள்ளவர்களை ஏ கூட்டம் முடிந்ததும், பி கூட்டத்துக்கு முன்பாக விடுவார்கள். முன்னால் ஏறினவர் கைப்பையை வைத்துப் பின்னால் வருபவருக்கு இடம் பிடிக்கலாமா கூடாதா என்பதற்கு நிறுவனம் கடைசி வரை ஒரு விதியும் வைக்கவில்லை. துவாய்ச் சண்டை அங்கேயும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2026 ஜனவரி 27 இலிருந்து அவர்களும் சீட் இலக்கத்துக்கு மாறிவிட்டார்கள். ஐரோப்பாவில் ஈசிஜெட் 2012 இலும் ரயன்எயர் 2014 இலும் மாறிவிட்டன. ஆகவே வெளிநாட்டில் இருக்கிற மச்சான் யாராவது "முதல் ஓடிப்போய் ஏறுங்க, நல்ல இடம் பிடிக்கலாம்" என்று சொன்னால், அது பழைய கதை.

உங்களுடையது வேறு வகை. விமானத்தில் ஒவ்வொரு சீட்டுக்கும் இலக்கம் இருக்கிறது, உங்களுக்கும் ஒன்று வரத்தான் போகிறது. இப்போதே தெரிய வேண்டுமென்றால் காசு. வேண்டாமென்றால் செக்-இன் செய்யும்போது, அதாவது பயணத்துக்கு வருகிறோம் என்று பதிந்து போர்டிங் பாஸ் எடுக்கும்போது, கணினி தரும். கேற்றில் அரை மணி நேரம் முன்னாலேயே வரிசையில் நின்று கால் கடுக்க வேண்டிய தேவை இதில் இல்லை. ஓட வேண்டியது செக்-இன் திறக்கும் நேரத்தில்.

இப்போது டிக்கட் மேசைக்கு வருவோம். உங்கள் ஐந்து பேரும் ஒரே பி.என்.ஆரில் இருக்கிறீர்களா? பி.என்.ஆர் என்பது பதிவுக்குத் தருகிற ஆறு எழுத்துக் குறியீடு. அது எல்லாருடைய டிக்கட்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் தொழிலில் ஒரு வேலை உண்டு. விமானத்தில் மலிவு விலைச் சீட்டுகள் சிறு சிறு கட்டாகத்தான் திறந்திருக்கும். ஆக மலிவான கட்டில் இரண்டு சீட் மட்டும் மிச்சம் இருக்கும்போது ஐந்து பேருக்குச் சேர்த்துத் தேடினால், கணினி ஐந்து பேருக்கும் அடுத்த விலையைத்தான் காட்டும். அதனால் இரண்டு பேருக்கு ஒரு டிக்கட், மூன்று பேருக்கு இன்னொரு டிக்கட் என்று பிரித்துப் போடுவோம். இரண்டு பேருக்கு மலிவு விலை கிடைக்கும். வாடிக்கையாளரும் சந்தோஷப்படுவார், நாங்களும் கெட்டிக்காரர் ஆவோம். ஆனால் செக்-இன் செய்கிற கணினிக்கு அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு கூட்டம். நானும் இதை எத்தனையோ குடும்பத்துக்குச் செய்திருக்கிறேன். காசு மிச்சமானதைச் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை.

சிங்கள, ஆங்கிலப் பெயர்க் குடும்பங்களுக்கு இதில் கொஞ்சம் தயவு கிடைக்கும், எல்லாருக்கும் கடைசிப் பெயர் ஒன்று என்பதால். கவுண்டரில் இருக்கிற பிள்ளை பெயர்ப் பட்டியலைப் பார்த்தே "இவங்க ஒரு வீடு" என்று கண்டுபிடித்துவிடும். நமக்கோ அப்பா பெயர்தான் கடைசிப் பெயர். உங்கள் பாஸ்போட்டில் உங்கள் அப்பா பெயர், பிள்ளைகளுடையதில் கணவரின் பெயர், கணவருடையதில் மாமாவின் பெயர், மாமியுடையதில் அவருடைய அப்பா பெயர். ஒரு வீட்டில் நான்கு கடைசிப் பெயர்! பட்டியலைப் பார்த்து ஒருவராலும் குடும்பம் என்று சொல்ல முடியாது. அதனால் நமக்கு ஒரே பி.என்.ஆர் என்பது மற்றவர்களை விட அவசியம். ஏற்கனவே பிரித்துப் போட்டிருந்தால், இரண்டு பதிவையும் இணைத்து ஒரு குறிப்புப் போடச் சொல்லி ஏஜென்சியிடம் கேளுங்கள். பெரிய நிறுவனங்களின் பதிவில் அது உதவும். மலிவு நிறுவனங்களில் அதை நம்பி இருக்காதீர்கள், நேரே கவுண்டரில் சொல்ல ஆயத்தமாகப் போங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும்.

பிள்ளைகளின் பிறந்த திகதி சரியாகப் பதியப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் கைக்குழந்தை, இரண்டு முடிந்ததிலிருந்து பதினொன்று வரை பிள்ளை, பன்னிரண்டு என்றால் பெரியவர் கணக்கு. பிள்ளை என்று பதிந்திருந்தால்தான் "இதைத் தனியே போடாதே" என்ற யோசனை கணினிக்கு வரும். அவசரத்தில் எட்டு வயதுப் பிள்ளையைப் பெரியவராகப் பதிந்துவிட்ட டிக்கட்டுகளையும் நான் கண்டிருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு கொடுத்தது: ஒரே பி.என்.ஆரில் வருகிற பன்னிரண்டு வயது வரையான பிள்ளைக்கு, பெற்றோரில் அல்லது பாதுகாவலரில் ஒருவருடனாவது இடம் கொடுக்க வேண்டும், அதைப் பதிந்தும் வைக்க வேண்டும். அதிலும் அதே பி.என்.ஆர்தான், கவனித்தீர்களா? இந்திய நிறுவனத்தில் போகிறீர்கள் என்றால் கவுண்டரில் இதைச் சொல்லலாம், சண்டைக் குரலில் வேண்டாம். கனடா இன்னும் விளக்கமாக எழுதியிருக்கிறது. 2019 டிசம்பரிலிருந்து அங்கே ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோருக்குப் பக்கத்துச் சீட். ஐந்திலிருந்து பதினொன்று வரை என்றால் அதே வரிசையில், இடையில் ஒரு சீட்டுக்கு மேல் போகாமல். பன்னிரண்டு, பதின்மூன்று வயது என்றால் ஒரு வரிசைக்கு மேல் தள்ளிப் போகாமல். எல்லாம் மேலதிகக் காசில்லாமல். ரயன்எயர் கொஞ்சம் வியாபாரத் தந்திரம் கலந்தது: பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு போகிற பெரியவர் ஒருவர் சீட்டுக்குக் கட்டாயம் காசு கட்ட வேண்டும், அவரோடு நான்கு பிள்ளைகள் வரை இலவசம்.

இதில் ஒன்றைப் பார்த்தீர்களா? எல்லாச் சட்டமும் பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறது. மாமியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

என்னுடைய அம்மாவை முதல் தடவை இந்தியாவுக்குக் கூட்டிப் போனபோது, ஊருக்கெல்லாம் டிக்கட் போடுகிற நான் எங்களுக்குப் போட்டதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் ஒன்றாக இடம் வந்தது. அம்மாவுக்குப் பதினான்கு வரிசை பின்னால், இரண்டு பெரிய ஆம்பிளைகளுக்கு நடுவில். சின்னப் பயணம்தானே, பெரிய ஆள்தானே என்று விட்டுவிட்டேன். இறங்கும்போது பார்த்தால் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி இருக்கிறார். பெல்ற்றை எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் அப்படியே இருந்திருக்கிறார். தண்ணீர் வாங்கவில்லை, பாத்ரூம் போகவில்லை, பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. "ஏன்மா எங்களக் கூப்பிடல்ல?" என்றேன். "நீங்க வேற பிளேன்ல ஏறிட்டீங்களோ எண்டு நெனச்சன் மனே" என்றார். மூன்று வயதுப் பிள்ளை தனியே இருந்தால் அழும், விமானமே திரும்பிப் பார்க்கும், யாராவது எழும்பி இடம் கொடுப்பார்கள். நம்முடைய அம்மாமார் அழமாட்டார்கள்.

அதனால் உங்கள் ஐவரில் யாருக்கு யார் வேண்டும் என்பதை முதலில் வீட்டிலேயே பேசி முடிவெடுங்கள். சின்னவனுக்கு நீங்கள், மாமிக்கு அவருடைய மகன், எட்டு வயதுக்காரி இந்த இரண்டில் எந்தப் பக்கத்திலும். கொழும்பு–சென்னைப் பாதையில் பெரும்பாலும் ஓடுகிற ஏ320 போன்ற விமானங்களில் நடைபாதைக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று சீட். ஐந்து பேர் என்றால் மூன்றும் இரண்டும். அந்த மூன்றும் இரண்டும் ஒரே வரிசையில் நடைபாதைக்கு இருபுறமும் கிடைத்தால் கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் கிடைத்த அருள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் கிடைத்தாலும் போதும். பத்து வரிசை தள்ளிக் கிடைத்தாலும் ஒரு குறையும் இல்லை, மாமி தனியே இல்லாவிட்டால். பயணமே சுமார் ஒன்றரை மணி நேரம்தான். இதற்குப் போய் ஐந்து சீட்டுக்கும், போக வர இரண்டு தரம், காசு கட்டுவது வீண்செலவு என்பது என் எண்ணம். மனம் கேட்கவில்லை என்றால் மாமிக்கும் கணவருக்கும் இரண்டு சீட் மட்டும் வாங்குங்கள், மாமிக்கு நடைபாதை ஓரம். இந்திய நிறுவனம் என்றால், ஒரே பி.என்.ஆரில் இருக்கிற பிள்ளைகளை உங்களோடு போடுகிற பொறுப்பு அதற்கு ஏற்கனவே இருக்கிறது.

முழங்கால் வருத்தம் இருந்தால் சக்கர நாற்காலி கேட்டு முன்கூட்டியே பதிவில் போடச் சொல்லுங்கள், இரண்டு நாளாவது முன்னால். அது இலவசம். அவரை முதலில் ஏற்றுவார்கள், கூட ஒருவர் போகலாம். நடக்கக்கூடியவர்களும் வரிசையில் நிற்கப் பஞ்சிப்பட்டு இதைக் கேட்பது இப்போது கூடிவிட்டது, உண்மையில் வேண்டியவருக்கு நாற்காலி கிடைக்காமல் போகிறது. அதைச் செய்யாதீர்கள்.

செக்-இன் விஷயத்துக்கு வருவோம். நிறுவனத்தைப் பொறுத்து இணையச் செக்-இன் 48 மணி அல்லது 24 மணி நேரத்துக்கு முன் திறக்கும். ஊரிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வேனில் ஏழெட்டு மணி நேரம், அதற்கு முன் பொதி கட்டுவது, சொந்தக்காரர் வந்து போவது, மாமி மூன்று தரம் மிளகாய்த்தூள் பையைப் பிரித்துக் கட்டுவது. இதற்குள் செக்-இன் மறந்து போகும். விமான நிலையத்தில் பார்க்கலாம் என்று வருகிறவர்களுக்கு மிச்சம் இருப்பது என்ன தெரியுமா? ஜன்னல் ஓரமும் நடைபாதை ஓரமும் முதலில் போய்விடும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நடுச்சீட் மட்டும் கிடக்கும். கவுண்டரில் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இல்லாத பக்கத்துச் சீட்டை உண்டாக்க முடியாது. ஆகவே வேன் புறப்படுவதற்கு முன், வீட்டில் இருந்தபடியே, ஐந்து பேருக்கும் ஒரே தடவையில் செக்-இன் செய்யுங்கள். ஒருவருக்கு முதலில், மற்றவருக்குப் பிறகு என்று தனித்தனியாகச் செய்தால் நீங்களே குடும்பத்தைப் பிரிக்கிறீர்கள்.

சீட் வரைபடம் ஒன்று வரும். வண்ண வண்ணமாக விலை போட்டிருக்கும். சில நிறுவனங்களில் பின்பக்கத்தில் விலை இல்லாத சீட்டுகளும் இருக்கும், பெருவிரலால் தள்ளித் தள்ளித் தேடினால்தான் தெரியும். எதுவும் இல்லை என்றால் கீழே சின்ன எழுத்தில் தவிர்த்துச் செல்ல ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் கணினி தானாக இடம் தரும், ஒரே பி.என்.ஆர் என்றால் முடிந்தவரை சேர்த்தே தரும். காசு கட்டுவதா என்ற யோசனையை இந்த இடம் வரை தள்ளிப் போடலாம். வரைபடத்தில் ஒன்றாக நிறைய வெற்றிடம் தெரிந்தால் கட்ட வேண்டாம். சிதறிக் கிடந்தால் இரண்டு சீட்டை அப்போது வாங்குங்கள். உறுதி செய்த பிறகு மாற்ற விடாத நிறுவனங்கள் உண்டு, அதனால் அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். விசா பார்க்க வேண்டும், கவுண்டருக்கு வாருங்கள் என்று கடைசியில் வந்தாலும் பயப்படாதீர்கள். போர்டிங் பாஸ் மட்டும் அங்கே தருவார்கள், சீட் உங்கள் பெயரில் விழுந்துவிட்டது.

இதற்கெல்லாம் முன், டிக்கட்டில் யாருடைய தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் ஏஜென்சிகளில் பழக்கதோஷத்தில் கடை இலக்கத்தையே போட்டுவிடுவோம். செக்-இன் திறந்தது, விமானம் மாறியது என்று எல்லாச் செய்தியும் பூட்டிய கடைக்குள் போய்க்கொண்டிருக்கும். உங்கள் இலக்கத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

எல்லாம் செய்தும் பிரிந்தே வந்துவிட்டால், கவுண்டரில் பாஸ்போட்டைக் கொடுக்கும்போதே சொல்லுங்கள், "இவங்களுக்கு முதல் பயணம், மகனுக்குப் பக்கத்தில வேணும்" என்று. போர்டிங் பாஸ் அடித்து முடிந்த பிறகு சொன்னால் அவர்களுக்கு இரட்டை வேலை, முகமும் மாறும். அங்கே சரிவரவில்லை என்றால் கேற்றில் இன்னொரு தரம் கேளுங்கள். வராமல் போனவர்களின் சீட்டு அந்த நேரத்தில்தான் தெரிய வரும்.

கடைசி இடம் விமானத்துக்குள். கல்முனை–கொழும்பு இரவு பஸ்ஸில் கொண்டக்டர் "தம்பி, நீங்க பின்னுக்கு வாங்க, அந்த அம்மாவ முன்னுக்கு விடுங்க" என்று ஒரு அதட்டில் முடித்துவிடுவார். விமானப் பணிப்பெண் அப்படிச் செய்யமாட்டார். அந்தச் சீட்டுக்கு ஒருவர் காசு கட்டியிருப்பார். நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது அவருக்கு நல்லதாக ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். உங்களிடம் ஜன்னல் ஓரமோ நடைபாதை ஓரமோ இருந்தால் நடுச்சீட்டுக்காரர் மறுக்கவே மாட்டார். பின்வரிசை நடுச்சீட்டைக் காட்டி முன்வரிசை ஜன்னலைக் கேட்டால், அவர் மறுப்பது அவருடைய உரிமை. பிள்ளையை முன்னால் நிறுத்தி அவரை வெட்கப்படுத்துவது சரியில்லை.

பேசி மாறினாலும் பணிப்பெண்ணிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு மாறுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போகிற ஏ.டி.ஆர் போன்ற சின்ன விமானங்களில் ஆட்கள் இருக்கும் இடத்தை வைத்து எடை பகிர்வு கணக்கிட்டிருப்பார்கள், நினைத்தபடி நகர விடமாட்டார்கள். அவசரக் கதவு வரிசையில் பிள்ளையோ மாமியோ இருக்க முடியாது. கால் நீட்ட இடம் என்று ஆசைப்பட்டு அங்கே எடுத்தால் பிறகு தூக்கி வேறெங்கோ போடுவார்கள். கைக்குழந்தையோடு இன்னொரு குடும்பம் சேர்ந்து போவதாக இருந்தால் ஒன்று: மூன்று சீட்டுக்கு மேலே பொதுவாக நான்கு ஒட்சிசன் முகமூடிதான் இருக்கும், ஆகவே ஒரு பக்கத்து மூன்று சீட்டில் மடிக் குழந்தை ஒன்றுதான். அக்காவும் தங்கச்சியும் ஆளுக்கொரு குழந்தையோடு பக்கத்தில் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டால் நடக்காது.

சென்னைக்கு இவ்வளவு போதும். இதே கேள்வியை ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ போகிறவர் கேட்டிருந்தால், காசைக் கட்டுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். பத்து மணி நேரம், இருட்டு, தூக்கம், மாத்திரை நேரம் எல்லாம் வேறு கணக்கு. அங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது: டோஹாவிலோ டுபாயிலோ மாறி ஏறும்போது ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனியே சீட் எடுக்க வேண்டும். டிக்கட் ஒரு நிறுவனத்தின் பெயரில், ஓட்டுவது இன்னொரு நிறுவனம் என்றால் அந்த இரண்டாம் நிறுவனத்தின் குறியீடு வேறாக இருக்கும். ஏஜென்சியிடம் அதையும் கேட்டு வாங்குங்கள். இடையில் விமான வகை மாறினால் எடுத்த சீட்டும் கலைந்து போகும். காசு கட்டின சீட் கிடைக்கவில்லை என்றால் அந்தக் காசைத் திருப்பிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

திரும்பி வரும்போதும் இதே வேலை இருக்கிறது, அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். போகும்போது ஒன்றாகக் கிடைத்தது வரும்போதும் கிடைக்கும் என்ற நினைப்பு. சில நிறுவனங்கள் செக்-இன்னுக்கு டிக்கட்டில் இருக்கிற இலக்கத்துக்கு ஒரு குறியீடு அனுப்பும். நீங்கள் திருச்செந்தூரில் நிற்பீர்கள், உங்கள் இலங்கை சிம்முக்கு ரோமிங் இருக்காது. புறப்படும் முன் ரோமிங்கைப் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது மின்னஞ்சலுக்கு வருகிற மாதிரிப் பதிந்து கொள்ளுங்கள். லொட்ஜில் வைஃபை இருக்கும்போது, வேனுக்குப் பொதி ஏற்றும் முன், ஐந்து பேருக்கும் ஒரே தடவையில்.